'சுப்பர்' எண்டால் எது சுப்பர்?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலை பொழுதுபடேக்க எடுத்த படமொண்டை ஒரு பெடியன் கொண்டுவந்து நீட்டினால் கிடைக்கிறது ரெண்டே பதில். "சுப்பர் தம்பி", இல்லாட்டி "கொம்பசிஷன் (படத்துக்குள்ளை எதை எங்கை வைக்கிறது எண்டது) சரியில்லை". ரெண்டாலும் அவனுக்கு ஒரு சதப் பிரயோசனமும் இல்லை. எது பிழை, எங்கை நிண்டிருந்தால் சரிவந்திருக்கும் எண்டதெல்லோ வேணும்!

தண்ணி முடியிற நீர்க்கோடு 2 பாகை சரிஞ்சாலே குளம் ஒரு பக்கத்தாலை வழியிற மாதிரித் தெரியும். அதைச் சொல்லுங்கோ. போன் கமராவிலை கட்டக்கோடுகளைப் போடச் சொல்லுங்கோ. பின்னாலை கரையிலை நிக்கிற பனை, வள்ளக்காரரின்ரை தலையிலை முளைச்ச மாதிரித் தெரியுதோ? எடுக்கிறவர் ரெண்டு எட்டுப் பக்கவாட்டிலை விலகினால் தீர்ந்தது. கொக்குப் பறக்கிற திசையிலை இடம் விடாட்டி அது படத்தின்ரை விளிம்பிலை முட்டி நிக்கும்.

இன்னொரு கூட்டம் மூண்டிலொரு பங்கு விதியை (முக்கியமானதை நடுவிலை வையாமல் படத்தின்ரை மூண்டிலொரு பங்கிலை வை எண்டது) வேதமாய்ப் பிடிச்சுக்கொண்டு திரியுது. அசையாத தண்ணியிலை பட்டமரத்தின்ரை விம்பம் முழுசாய்த் தலைகீழாய் விழுந்திருந்தால், நீர்க்கோடு நடுவிலை இருக்கிறதுதான் அழகு. அதுக்கும் குறை சொல்லுகினம்!

"கிரொப் பண்ணு", அதாவது ஓரங்களை வெட்டு எண்டுறது சுகம். 12 மெகாபிக்சல் படத்தை நீளத்திலையும் அகலத்திலையும் பாதியாக்கினால் மிஞ்சிறது 3 தான். பெரிசாய் அச்சடிச்சால் பிசிறும். கிட்டப் போய் எடு எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் வாய் நோகுமோ?

"பில்ரரைக் கூட்டு" எண்டுற ஆக்களைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்.