ஏஜென்சியிடம் முதலில் கேட்க வேண்டியது

சிறிய உணவகம் நடத்துபவர்கள் ஆள் எடுக்கும் வேலையை, ஆள் தேடித் தரும் ஏஜென்சியிடம் விட்டுவிட்டால் நிம்மதி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. சமையல்காரர் திடீரென்று நின்றுவிட்டால் சீக்கிரமே இன்னொருவரை அனுப்பிவைக்க ஏஜென்சியால் முடியும். அது பெரிய உதவி. ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள். வந்தவர் சில வாரங்களிலேயே விலகினால் மாற்று ஆள் இலவசமா, கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது ஒன்று. தற்காலிகமாக வந்தவரைப் பிடித்துப்போய் நிரந்தரமாக்கினால் தனிக் கட்டணம் உண்டா என்பது இன்னொன்று.

அப்புறம், அந்தக் கட்டுரை தொடாத விஷயம்: வேலைக்கு வருபவரிடமும் அந்த ஏஜென்சி பணம் வாங்குகிறதா? சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கை, தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருபவர், எவ்வளவு மோசமாக நடத்தினாலும் வாயைத் திறக்கப் பயப்படுவார். பாத்திரம் கழுவுபவரோ பரிமாறுபவரோ, சேர்ந்த அன்றே தனியாக உட்காரவைத்து இதைக் கேளுங்கள். வாங்கியிருந்தால் ஏஜென்சியை மாற்றுங்கள். அதற்கு முன் அவர் பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்க வழி செய்யுங்கள்.