அரை மாத்திரை

நேற்று தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளை மருந்துக்கடை முன்னால் நான் போட்ட சத்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். சரி, நானும் பேசுகிறேன்.

நாலு வயசுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் வெட்டுகிறார், மருந்தின் பெயர் பாதி கடையிலேயே நின்றுவிட்டது. “அரை மாத்திரையைப் பொடிச்சு தேன்ல குழைச்சுக் குடுங்க” என்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து! 2024 ஜனவரியில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டில்லாமல் விற்கிறார்களா என்று கடைகளில் திடீர்ச் சோதனையை ஆரம்பித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையில் சீட்டு கேட்கிறார்கள் என்று சனங்கள் இப்போது இங்கே வருகிறார்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சாவது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா. வளர்ந்த ஆள் உடம்பில் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, பெரும்பகுதி பெருங்குடலில். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைத் தின்று, குடல் சுவருக்கு ஆகாரமான பியூட்டிரேட் என்ற பொருளைத் தருவது அவைதான். கெட்ட கிருமி வந்தால் இடம் கொடுக்காததும் அவைதான். அதைத்தான் அரை மாத்திரையில் அழிக்கிறோம்.

எங்கள் அம்மைக்குக் காலில் புண் வந்தபோது ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். புண் ஆறியது, பேதி பிடித்துக்கொண்டது. நல்லதெல்லாம் செத்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிவிட்டது என்றார் டாக்டர். ராத்திரியில் துணி மாற்றும்போது அம்மை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கம். அவளுக்கு அந்த மருந்து தேவைப்பட்டது, அதற்கே இந்தப் பாடு. தேவையே இல்லாத பிள்ளைக்கு எதற்கு?

“நீ என்ன டாக்டரா?” இல்லை. கடைக்காரரும் இல்லை.

“அப்போ ஆன்டிபயாட்டிக்கே வேண்டாமா?” ரத்தபேதியா, காலராவா, டாக்டர் பார்த்துக் கொடுக்கட்டும். நான் எங்கே வேண்டாம் என்றேன்?

“டாக்டர் பீஸுக்கு எங்கே போக?” இந்தக் கேள்வி நியாயம். கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் காசில்லாமல் தருகிறார்கள். முதலில் கொடுக்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம், “பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்ன தெரியும்” என்று எழுதிய அக்கா. உங்களை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு முப்பது பேர் லைக் போட்டிருக்கிறீர்கள். அந்த முப்பது பேரில் ஒருவராவது அந்த வீட்டுக்குப் போய், பிள்ளை மூத்திரம் போனதா, கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? நான் இன்று காலையில் போனேன். அந்தத் தாய் என்னை உள்ளே விடவில்லை. ஓஆர்எஸ் பாக்கெட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.