முகூர்த்தப் பட்டுக்கு விலை பேசும்போது ஜரிகையைப் பற்றிக் கேளுங்கள்

முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறவர்கள் விலை பேசத் தயங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்தப் பேச்சு "ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க" என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். இரண்டு காஞ்சிப் பட்டுகள் பார்க்க ஒன்றுபோல் இருந்தும் விலையில் பெரிதும் வேறுபட முதற்காரணம் ஜரிகை. அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் பெருந்தொகையைக் கட்டிவிட்டு, தள்ளுபடி கிடைத்த நிறைவோடு வீடு திரும்புகிறோம்.

இதே குடும்பம் நகைக்கடையில் எப்படி நடந்துகொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 916 முத்திரை இருக்கிறதா, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை விழுக்காடு, கல்லின் எடையைக் கழித்துவிட்டீர்களா என்று ஒன்றுவிடாமல் கேட்கிறோம். சேதாரத்தில் ஒரு விழுக்காட்டைக் குறைப்பதற்காக நெடுநேரம் உட்கார்ந்து வாதாடும் பெரியவர்கள், பட்டுக்கடையில் நிறத்தையும் கரையையும் மட்டும் பார்த்துத் தலையசைத்துவிடுகிறார்கள். பட்டிலும் வெள்ளியும் தங்கமும் இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் செம்பு சேர்ந்த வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. நூறு கிராம் ஜரிகையில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 கிராம் என்பது காஞ்சிபுரத்தில் அசல் ஜரிகைக்குச் சொல்லப்படும் அளவு. ஒரு புடவையில் 200 கிராம் ஜரிகை இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் 80 கிராம் வெள்ளியும் 1 கிராம் தங்கமும் இருக்க வேண்டும். இன்றைய விலையில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். 'ஹாஃப் ஃபைன்' எனப்படும் ஜரிகையில் வெள்ளி குறைந்துவிடுகிறது. 'டெஸ்டட்' ஜரிகை, பொன்னிறம் ஏற்றிய செம்புக் கம்பிதான். கடையின் விளக்கு வெளிச்சத்தில் மூன்றும் ஒன்றுபோலவே மின்னும். வெள்ளி விலை ஏற ஏற, அசலின் விலையைச் சொல்லி மற்றதைக் கொடுக்கும் ஆசையும் ஏறத்தான் செய்யும். அப்படிப்பட்ட புடவையில் இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுப்பதால் கடைக்கு என்ன இழப்பு?

சில்க் மார்க் முத்திரை இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த அந்த முத்திரை, நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்குச் சான்று. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர், பழைய பட்டுப்புடவை வாங்கத் தெருவில் வரும் வியாபாரி ஒருவர். என் பாட்டியின் கூறைப்புடவை மடிப்புக்கு மடிப்பு நைந்து, பிரித்தாலே கிழியும் நிலையில் இருந்தது. அவர் கரையிலிருந்து ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்ததும், நாங்கள் எதிர்பார்க்காத தொகை ஒன்றைச் சொன்னார். அடுத்து, சில ஆண்டுகளுக்கு முன் பெரிய கடை ஒன்றில் உயர்ந்த விலைக்கு எடுத்த புடவையைக் காட்டினோம். அதே போல ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்லம்மா, நீங்களே கட்டிக்குங்க" என்று தள்ளி வைத்துவிட்டார்.

ஆகவே, புடவையைப் பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்துவதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். அசல் ஜரிகையா, ஹாஃப் ஃபைனா, டெஸ்டடா? உள்நூல் பட்டா, பாலியெஸ்டரா? முந்தியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இழையைச் சுரண்டிப் பார்க்க அனுமதிப்பீர்களா? பிறகு புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். உடலையும் கரையையும் தனித்தனி ஊடைநூலால் நெய்து கோக்கும் கோர்வை நெசவு என்றால், தறியில் இன்னோர் ஆளும் உட்கார்ந்து, ஊடைநூலைக் கொண்டுசெல்லும் நாடாவைக் கரைக்குத் தனியாக எறிந்திருக்க வேண்டும். கோர்வை இல்லாத புடவைக்குக் கோர்வையின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களை வைத்துத்தான் பேரம் தொடங்க வேண்டும்.

இதற்குத் தடையாக இருப்பது அறியாமை மட்டுமன்று, கூச்சமும்தான். பல சமூகங்களில் கூறைப்புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிறார்கள், பெண் வீட்டார் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். சம்பந்தி முன்னால் விலை பேசினால் வரப்போகும் மருமகளுக்குச் செலவழிக்க மனமில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் ஒரு பக்கம். பெண் வீட்டாரோ, தாங்கள் வாய் திறப்பது முறையன்று என்று பேசாமல் இருப்பார்கள். "கல்யாணப் பொண்ணு ஆசைப்பட்டுட்டாங்க, இதுக்குப் போய் கணக்குப் பாக்கலாமா?" என்று விற்பனையாளர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் இரு வீட்டாரின் வாயும் அடைபட்டுவிடுகிறது. கடைக்குப் போவதற்கு முன்பே இரு வீட்டாரும் ஒரு தொகையைப் பேசி முடித்து, விலை கேட்கும் பொறுப்பைத் தாய்மாமனோ சித்தியோ யாராவது ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் தீரும். சம்பந்திப் புடவைகள், வேட்டிகள், நிச்சயதார்த்தப் பட்டு எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுப்பதாக இருந்தால், மொத்தத் தொகை தெரிந்த பிறகு குறைக்கச் சொல்வது நல்லது. முகூர்த்தப் புடவையை முதலில் பில் போட்டுவிட்டால் அந்தப் பிடி போய்விடும்.

பேரம் பேசுவது நெசவாளர் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெரிய கடையில் தொங்கும் புடவைக்கான கூலி, அது தறியிலிருந்து இறங்கியபோதே கணக்குத் தீர்க்கப்பட்டிருக்கும். அங்கே நாம் குறைப்பது பெரும்பாலும் கடையின் லாபத்தையும், காஞ்சிபுரத்தில் நம்மைக் கடைக்கு அழைத்துப் போகும் தரகருக்குச் சேர வேண்டிய கமிஷனையும்தான். ஆனால் நெசவாளரின் வீட்டுக்கே போய், இரண்டு பேர் பத்து நாளுக்கு மேல் உட்கார்ந்து நெய்த புடவையை வாங்கும்போது குறைக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் அவர்களின் கூலியிலிருந்து போகிறது. ஜரிகையைப் பற்றி அங்கேயும் கேளுங்கள். பதில் நேர்மையாக இருந்தால் சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள். கோ-ஆப்டெக்ஸிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பேரம் கிடையாது, அறிவித்த தள்ளுபடி மட்டுமே உண்டு.

கடைசியாக, பில். "பில் வேண்டாம்னா அந்த அஞ்சு பர்சன்ட் வரி மிச்சம்" என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. அதற்கு ஒருபோதும் இசையாதீர்கள். அது வரி ஏய்ப்பு என்பதோடு, நாளைக்கு ஜரிகை பொய் என்று தெரியவந்தால் உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. 'தூய பட்டு, அசல் ஜரிகை' என்று பில்லிலேயே எழுதி, கடை முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில், டெஸ்டட் ஜரிகைப் புடவைக்கு உரிய விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தரச் சம்மதிக்காதீர்கள்.