நேட்ரான் ஏரி தொட்டவுடன் கல்லாக்குவதில்லை

தான்சானியாவின் நேட்ரான் ஏரித் தண்ணீரைத் தொடும் பறவைகள் உடனே கல்லாகிவிடும் என்று, கிளையில் நிமிர்ந்து நிற்கும் கல் போன்ற ஒரு பறவையின் படத்தோடு ஒரு பதிவு பகிரப்பட்டிருக்கிறது. படம் உண்மையானது, ஆனால் விளக்கம் சரியில்லை.

2013-இல் பரவலான அந்தப் படங்களை எடுத்தவர் நிக் பிராண்ட் என்ற புகைப்படக் கலைஞர். கரையில் ஏற்கெனவே செத்து ஒதுங்கிக் கிடந்த பறவைகளையும் வௌவால்களையும் எடுத்து, உயிரோடு இருப்பதுபோல் கிளையில் உட்காரவைத்துப் படம் பிடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: தண்ணீரில் விழுந்து இறந்த பறவை கிளையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்குமா?

ஏரியில் சோடியம் கார்பனேட், அதாவது நம் சலவைச் சோடா, ஏராளம். பக்கத்து எரிமலை ஓல் டொய்ன்யோ லெங்காயின் சாம்பலும் சுற்றுவட்டார வெந்நீர் ஊற்றுகளும் கொண்டுவந்து சேர்த்தது. அந்த உப்பு பிணத்தின் மேல் படிந்து, அழுகாமல் காக்கிறது. தண்ணீர் கண்ணையும் தோலையும் கடுமையாக எரிக்கும், அது நிஜம்தான். ஆனால் இந்தக் காரத்தன்மையைத் தாங்கும் திலேப்பியா மீன்கள் அங்கே வாழ்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு பூநாரைகளுக்கு முக்கியமான இனப்பெருக்க இடமும் இதுதான். சேற்றைக் குவித்துக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

சரிபார்க்க நினைப்பவர்கள் ஈரநிலங்களுக்கான ராம்சார் ஒப்பந்தத்தின் இணையதளத்தில் நேட்ரான் ஏரிப் படுகையின் பக்கத்தையும், உயிரினங்களின் அழியும் ஆபத்தைக் காட்டும் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் சிறு பூநாரையின் பக்கத்தையும் பாருங்கள். பதிவிட்டவர் படத்தின் விளக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.