ஊசி ஓடும்போது யார் பாட்டு, யார் பேச்சு?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டாட்டூ ஸ்டுடியோவில் மூன்று மணி நேரம் இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் வலியைப் பற்றியே கேட்கிறீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது காதைப் பற்றி.

இது எனக்கு இரண்டாவது டாட்டூ. முதலாவது ஆறு வருஷத்துக்கு முன்னால், வேறு ஓர் இடத்தில், தோள்பட்டையில். அந்த அண்ணன் போட்ட கோடு இன்றைக்கும் கம்பி மாதிரி நிற்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் வாய்! ஊசியை வைத்ததிலிருந்து முந்தின நாள் வந்த ஒரு பெண்ணின் கதை. பழைய காதலன் பெயரை மறைத்துத் தரச் சொல்லி வந்தாளாம், பாதியில் அழுதாளாம், அந்தப் பையன் பெயர் முதற்கொண்டு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், தோளில் ஊசி ஓடும்போது வேறென்ன செய்ய? வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, நாளைக்கு வருகிற ஆளிடம் என் கதை ஓடும் என்று. இதற்கு நடுவில் வரவேற்பில் இருந்த பையன் ரீல்ஸை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், பதினைந்து நொடிக்கு ஒரு பாட்டு. அதைவிட ஊசியே தேவலாம் என்று இருந்தது.

அதனால் என் கட்சி இது: பாட்டு குத்துகிறவர் இஷ்டம், பேச்சு குத்திக்கொள்கிறவர் இஷ்டம். இதைச் சொன்னால் என் தோழி ஒருத்தி சண்டைக்கு வருகிறாள், காசு கொடுப்பது நான், பாட்டை மட்டும் அவர் முடிவு செய்வாரா என்று. சரிதான், ஆனால் மை நிற்க வேண்டியது தோலுக்குள் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் மை கசிந்து கோடு ஊறிப்போகும். அந்தக் கணக்கு முழுக்க அவர் விரலில் இருக்கிறது. அந்த விரல் கானா கேட்டால்தான் ஒழுங்காக ஓடும் என்றால் எனக்குக் கானாவே போதும். (குத்தும்போது குத்துப்பாட்டு என்கிற கடி ஜோக்கை எல்லா ஸ்டுடியோவிலும் கேட்டுச் சலித்திருப்பார்கள், தயவுசெய்து நீங்களும் அடிக்காதீர்கள்.)

ரசனையை விடப் பெரிய விஷயம் கையுறை. பாதியில் "அந்தப் பாட்டை மாத்துங்களேன்" என்றால் என்ன நடக்கும்? மையும் ரத்தமும் பட்ட கையுறையோடு போனைத் தொடுவார், அதே கையோடு திரும்ப உங்கள் தோலுக்கு வருவார். ஒழுங்கான ஆள் என்றால் கையுறையைக் கழற்றி, மாற்றி, புதுசு போட்டுக்கொள்வார். ஒரு பாட்டுக்காக இவ்வளவு தேவையா? முன்னாடியே மூன்று மணி நேரத்துக்கு வரிசை போட்டு வைத்துவிட வேண்டும். அதிலும் விளம்பரம் வராத மாதிரி. மெல்லிசாக ஒரு மெலடி போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று கடன் ஆப் விளம்பரம் அலறினால் கை தானாகத் துள்ளும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஹெட்போன் மாட்டிக்கொள்வது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. ஆனால் ஒரு காதில் மட்டும். "மணிக்கட்டைத் திருப்புங்க", "தும்மல் வந்தா முன்னாடியே சொல்லுங்க" இதெல்லாம் காதில் விழ வேண்டாமா? போனில் பேசுவது மட்டும் கூடவே கூடாது. நாம் வாயால் மட்டுமா பேசுகிறோம், கையும் சேர்ந்துதானே பேசும்.

இந்தத் தடவை வரைந்துகொண்டது என் பாட்டி கையில் இருந்த கோலம். சின்ன வயதில் குறத்தி வந்து பச்சை குத்தியதாம். பிள்ளை கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்க அந்தம்மா பாடிக்கொண்டே குத்தினார், பாட்டு முடிவதற்குள் கோலமும் முடிந்துவிட்டது என்று பாட்டி சொல்வாள். அன்றைக்கு மெஷின் சத்தம் இல்லை, பாட்டு கேட்டது. 1891-இல் நியூயார்க்கில் ஓ'ரெய்லி என்பவர் எடிசனுடைய மின்சாரப் பேனாவை மாற்றியமைத்து டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் வந்த, மின்காந்தச் சுருளில் ஓடும் காயில் மெஷினுக்கு ஒரு ரீங்காரம் உண்டு, முதல் டாட்டூவுக்கு அதுதான் எனக்குச் சுருதி. இப்போது வந்திருக்கிற பேனா மாதிரியான, மோட்டாரில் ஓடும் ரோட்டரி மெஷினில் சத்தமே பெரிதாக இல்லை, எதிரே இருப்பவர் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கிறது.

இந்தத் தம்பி ஊசியை எடுக்கும் முன்பே கேட்டுவிட்டான், "அக்கா, பேசிக்கிட்டே போகலாமா, அமைதியா இருக்கணுமா?" இந்த ஒரு கேள்விக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். முதல் அரைமணி பேசலாம், அப்புறம் பார்க்கலாம் என்றேன். குத்துவதற்கு முன்னால் கோலத்தின் அச்சை, அதாவது ஸ்டென்சிலை, தோலில் ஒட்டியபோது மட்டும் நிறையப் பேசினோம், அங்கே பேசாமல் இருப்பதுதான் தப்பு. பாட்டி கையில் ஒரு புள்ளி வரிசை தப்பி இருந்தது. "போட்டோல இப்படித்தான் இருக்கு, சரி பண்ணவா, அப்படியே விடவா?" என்றான். அப்படியே விடச் சொன்னேன்.

அதற்கப்புறம் அரைமணிக்கு ஒரு தடவை "ஓகேவாக்கா?" அவ்வளவுதான். அது பேச்சு இல்லை, வேலை. சிலருக்கு ஊசி ஓடும்போது வியர்த்து, முகம் வெளிறி, தலை சுற்றும். வாயே திறக்காத ஆளை அப்படியே விட்டால் தெரியாமல் போய்விடும்.

முழங்கைப் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது, அடுத்த மாதம் போக வேண்டும். இப்போதே மெசேஜ் போட்டுவிட்டேன்: பாட்டு உன் இஷ்டம் தம்பி, விளம்பரம் மட்டும் வேண்டாம்.