பாலை மட்டும் பார்த்தால் போதுமா, பாயைப் பார்க்க வேண்டாமா?

பிள்ளை பெற்றவள் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம் வீடுகளில் இரண்டு பதில்தான். "பால் கொடுக்கிறவ மாத்திரையே தொடக்கூடாது" என்பது ஒன்று. "அவ்வளவு முடியலைன்னா பாலை நிறுத்திட்டு மாத்திரை போடு" என்பது மற்றொன்று. என்ன மாத்திரை என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். தூக்கத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் டயசிபாம் உடம்பை விட்டுப் போக நாள்கணக்கில் ஆகும். அது உடைந்து உருவாகும் பொருளுக்கும் மயக்கம் தரும் குணம் உண்டு. பச்சைக் குழந்தையின் கல்லீரலால் அதைச் சீக்கிரம் கழிக்க முடியாது. தாய் தினமும் போட்டால் குழந்தையின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். லோரசிபாம் அப்படித் தங்குவதில்லை, பாலில் இறங்குவதும் குறைவு. சோல்பிடெம் இன்னும் குறைவு. 1989-ல் ஐந்து தாய்மாருக்கு 20 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தபோது, முதல் 3 மணி நேரத்தில் பாலுக்கு வந்தது அதில் 0.02 சதவீதம்கூட இல்லை. அதற்காக நாமே வாங்கிப் போடலாம் என்று அர்த்தமில்லை. சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரின் கணக்கே வேறாகிவிடும்.

சீட்டில்லாமல் கிடைக்கிறதே என்று சளி மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் இருக்கும் பழைய வகை அலர்ஜி மருந்து குழந்தைக்கும் மயக்கம் தரலாம், தொடர்ந்து போட்டால் பாலையும் குறைக்கலாம். அப்புறம் நம் ஊரில் ஒரு சிக்கல்: எழுந்திருக்காமல் தூங்கும் குழந்தையை "சமர்த்து" என்று கொஞ்சுவோம். பால் குடிக்க எழுப்பியும் எழவில்லை, உறிஞ்சும் வேகம் குறைந்துவிட்டது, எடை ஏறவில்லை என்றால் அது சமர்த்தா? உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை.

எனக்குப் பாலைவிடப் பாய்தான் பெரிய பயம். இங்கே பெரும்பாலும் குழந்தை தாயின் பக்கத்திலேயே படுக்கும், படுத்தபடியே பால் கொடுப்பதும் வழக்கம். சாதாரணமாகக் குழந்தை முனகினாலே விழித்துக்கொள்ளும் தாய், மாத்திரை போட்ட இரவில் மேலே புரண்டாலும் அறியமாட்டாள். மயக்கம் தரும் மருந்து எடுத்தவரோடு ஒரே படுக்கையில் கிடக்கும் குழந்தைக்குத் தூக்கத்திலேயே உயிர் போகும் அபாயம் 10 மடங்குக்கு மேல் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி. என் தங்கைக்குச் சீட்டு எழுதிய மருத்துவர் முதலில் கேட்டதே "ராத்திரி குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?" என்றுதான். மச்சான் பதில் தெரியாமல் முழித்தார். சரி, அதற்கப்புறம் மாத்திரை இரவுகளில் குழந்தையும் தனி மெத்தையும் அவர் அறைக்குப் போயின. படுக்கும் முன் ஒருமுறை பால் கொடுத்துவிடுவாள், நடுவில் பீய்ச்சி வைத்த பால். சில வாரத்தில் மாத்திரையே தேவைப்படவில்லை. மனிதர் ஒருவர் எழுந்ததில் வந்த தூக்கம் அது என்பது என் எண்ணம்.

ஆனால் குழந்தை நன்றாகத் தூங்கும்போதும் தாய்க்குக் கண் மூடவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது வெறும் தூக்கப் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இப்படியும் தொடங்கும். அதற்கு மருத்துவம் உண்டு, பாலை நிறுத்தாமலே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. மருத்துவரிடம் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசலாம். அரசின் டெலி மானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.