பெட்டியில 12, வயர்ல ரெண்டு

பல மைக் சத்தத்த ஒண்ணா சேர்க்கிற மெஷின் பெட்டியில '12 சனல் யூஎஸ்பி மிக்ஸர்'னு கொட்டை எழுத்துல அச்சடிச்சு விக்கிறாங்களே, அந்த 12ல எத்தனை சனல் தனித்தனியா கம்ப்யூட்டருக்குப் போகும்னு அதே பெட்டியில எழுத ஏன் யாருக்கும் கை வரமாட்டேங்குது? பெரும்பாலானதுல ரெண்டுதான் போகும். இடது ஒண்ணு, வலது ஒண்ணு. நீங்க எத்தனை மைக்கைக் குத்தினாலும் உள்ளுக்கே எல்லாத்தையும் கலக்கி, அந்த ரெண்டுல ஊத்தி அனுப்பிடும். தேத்தண்ணியில கரைஞ்ச சீனிய அள்ள முடியுமா? அப்பிடித்தான் இதுவும்.

அந்த 12ங்கிற கணக்கே ஒரு ஏமாத்து. மைக் குத்துற ஓட்டை பெரும்பாலும் நாலோ ஆறோதான் இருக்கும். மிச்சம் எல்லாம் கீபோர்டுக்கும் போனுக்கும் உள்ள ஸ்டீரியோ சோடி. ஒரு சோடிய ரெண்டுன்னு எண்ணி 12 ஆக்கிடுறாங்க. ட்ரம் செட்டுக்கு என்ன வேணும்? கிக்குக்கு ஒண்ணு, ஸ்னேருக்கு ஒண்ணு, டொம் மூணுக்கும் மூணு, ஹை-ஹெட்டுக்கு ஒண்ணு, மேல தொங்குற ஓவர்ஹெட் ரெண்டு. எட்டு மைக். இங்கிலாந்து ரெக்கோடிங் எஞ்சினியர் கிளின் ஜோன்ஸ் பேர்ல ஒரு முறை இருக்கு, அதுல கிக், ஸ்னேர், ஓவர்ஹெட் ரெண்டுன்னு நாலு மைக்கே போதும். அந்த நாலும்கூட தனித்தனியா விழுந்தாத்தானே பிறகு திருத்தலாம்!

அதுக்கு மேல நம்ம ஊர்ல தப்புங்கிற தோல் மேளம் இருக்கு. இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் காமன் கூத்துப் பாட்டையோ கோயில் திருவிழாப் பாட்டையோ ட்ரம் செட்டோட சேர்த்து எடுக்கணும்னு நினைக்கிற பொடியன்கள் இப்ப நெறைய. தப்பு சும்மா ஒரு சத்தம் இல்ல. விடியக்காலையில பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, ஆள் கூப்பிட அடிச்சதும் அதுதான், சாவுக்கும் சாமிக்கும் அடிச்சதும் அதுதான். மூடுபனியில தோல் தொய்ஞ்சு போகும். நெருப்புல காய்ச்சிக்கிட்டு வந்து அடிச்சா 'கண கண'ன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல மறுபடியும் இறங்கிடும். இப்பிடி ஏறி இறங்குற சத்தத்த கிக்கோடயும் ஸ்னேரோடயும் ஒரே குழம்பா எடுத்து வச்சா, மிக்ஸிங்ல என்னத்தப் பண்றது?

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருத்தன் சீட்டுக் காசை எடுத்து, கொழும்புக்குப் போய் இப்பிடி ஒரு மிக்ஸர வாங்கிட்டு வந்தான். வாங்க முதல் கடையில கேட்டிருக்கான், "அண்ணே, ஒவ்வொரு மைக்கும் தனியா ரெக்கோட் ஆகுமா?"ன்னு. "யூஎஸ்பி இருக்குதானே தம்பி, எல்லாம் வரும்"னு சொல்லிட்டாங்க. எடுத்த பாட்டை என்கிட்ட கொண்டு வந்தான். திறந்து பார்த்தா திரையில ரெண்டே ரெண்டு வரி. தப்பும் சிம்பலும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்குது. "அண்ணே, தப்ப மட்டும் கொஞ்சம் கொறைச்சு விடுங்களேன்"னு கேட்டான். ஏலாதுடா தம்பின்னு அவன் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? கடைக்குப் போன் பண்ணினா, பெட்டிய ஒடைச்சாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்னு பதில். ஒடைக்காம எப்பிடித் தெரியும்? 2022ல டொலர் 200 ரூபா சொச்சத்துலருந்து 360ஐத் தாண்டினதுக்குப் பிறகு இந்தச் சாமான் எல்லாம் என்ன வெல விக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வெலைய வாங்கிக்கிட்டு ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்லத் தெரியாதவன் எதுக்குக் கடையில நிக்கிறான்?

தனித்தனியா அனுப்புற மிக்ஸர் இல்லாமலா இருக்கு? சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே 14 சனல கம்ப்யூட்டருக்குக் குடுக்கும். ஸூம் எல்-12ல எட்டு மைக் குத்தலாம், கம்ப்யூட்டரே இல்லாம எஸ்டி கார்டுல ஒரே நேரத்துல 14 ட்ரக், அதாவது 14 தனி வரி, விழும். பழைய லெப்டொப்ப வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறவங்களுக்கு அது பெரிய உதவி. பெரிங்கர் எக்ஸ்ஆர்18ல மைக் சத்தத்த ஏத்திக் குடுக்கிற ப்ரீஅம்ப் 16, யூஎஸ்பில 18 போகும், ஆனா டெப்லெட்டோ கம்ப்யூட்டரோ இல்லாம ஓட்ட ஏலாது. வெல கூடத்தான். ஆனா வேலை நடக்கும்.

இன்னொண்ணு, இதை எந்தக் கடையிலயும் வாயத் திறந்து சொல்லமாட்டாங்க. வீட்ல ரெக்கோட் பண்ண மிக்ஸரே தேவையில்ல. மைக்கைக் கம்ப்யூட்டரோட சேர்க்கிற, எட்டு ப்ரீஅம்ப் உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒண்ணு போதும். பெரிங்கர் யூஎம்சி1820 மாதிரி ஒண்ணுல அடாட்னு ஒரு போர்ட் இருக்கும், பிறகு காசு சேர்ந்ததும் அதுல இன்னொரு எட்டு ப்ரீஅம்ப் உள்ள பெட்டியச் சேர்த்துக்கலாம். எட்டு மைக்கும் எட்டு வரியா விழும். கண்டென்ஸர் வகை மைக் வேலை செய்யத் தேவையான 48 வோல்ட் கரண்டும் அதுலயே வரும். சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற ஃபேடர் பளபளன்னு வரிசையா இல்லாததால பொடியன்கள் கண்ணுக்கு அது பிடிக்கிறதில்ல, கடைக்காரங்களும் காட்டுறதில்ல.

அதனால தம்பிமாரே, கடைக்காரன் பேச்ச விடுங்க. கம்பெனி வெப்சைட்ல அந்த மொடல் பேரப் போட்டு விவரப் பட்டியல எடுங்க. யூஎஸ்பிங்கிற வரியில '2 இன், 2 அவுட்'னு இருந்தா, மேல எத்தனை குமிழ் மின்னினாலும் சரி, காசைப் பொக்கட்லயே வச்சுக்கிட்டு வெளிய வந்துருங்க.